காலுறை போட்ட போத்தல்கள்

குளுகோர் அடுக்ககத்தின் பதினாறாம் மாடி.
பாக்கியநாதன் தன் மகனின் பள்ளிக் காலுறைகளை
ஐந்து போத்தல்களுக்கு மாட்டியிருக்கிறான்.
கழுத்துவரை வெள்ளை,
வயிற்றில் கறுப்பு மையில் எண்.
துவைத்ததுதான் என்று
கேட்காமலே இரண்டுமுறை சொல்லிவிட்டான்.

எல்லாமே பர்பன். லங்காவியில் வரியில்லாமல் வாங்கியது.
பெயர் சொல்ல மாட்டான், விலை சொல்ல மாட்டான்,
ஊற்றுவதும் சமையலறைக்குள்.
விசிறியை நிறுத்து, வாசம் கலையும் என்றான்.
எங்கள் வியர்வையை என்ன செய்வதாம்?

எனக்கு இது புதிதில்லை.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் நனைந்த சரக்கை முகர்ந்து
நூற்றுக்கு எத்தனை நாசம் என்று எழுதுவது
பத்தொன்பது வருடப் பிழைப்பு.
மூட்டைக்குள் கைவிட்டால்
கடல்நீரா மழைநீரா என்று விரலே சொல்லும்.
ஆனால் அங்கே, மூட்டையின் மேல்
கப்பலின் பெயர் இருக்கும்.

முதல் கோப்பை.
கையில் கொடுத்த தாளில் வாசங்களின் பட்டியல்:
வெண்ணிலா, ஓக், செர்ரி, புகையிலை.
செர்ரி என்றால் எனக்கு
கேக்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும்
அந்த பிளாஸ்டிக் சிவப்புதான்.
ஓக் மரத்தைப் பார்த்ததே இல்லை.
எழுதினேன்: பண்டான் இலை.
பிறகு, வாடகை வீட்டு அலமாரியை
முதன்முதலாகத் திறக்கும்போது வருவது.
ஆறு.

இரண்டாவது
மூக்கை எட்டுமுன்பே குத்தியது.
தொண்டை நெடுக யாரோ
தீக்குச்சி கிழித்துக்கொண்டே போனார்கள்.
சம்சு
என்று எழுதி அடித்தேன்.
அடித்த கோட்டுக்கு அடியிலும் தெரிந்தது,
பதினொரு வயதில், நடுநிசியில்,
கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றபோது
என்னைக் கடந்து உள்ளே போன வாசம்.
மூன்று.

மூன்றாவதில் சோளம்.
சோளத்தில் வடித்ததுதானே என்று மாதவராஜ் முணுமுணுத்தான்.
அதில்லை, இது வெந்த சோளம்,
இரவுச் சந்தையில் வெண்ணெயும் உப்பும் போட்டுக்
கப்பில் குலுக்கித் தருவது.
ஏழு. அடித்து, ஏழரை.

நடுவில் தண்ணீர். உப்பில்லாத பிஸ்கட்.
கீழே பாலத்தில் விளக்குகள் ஊர்ந்தன.
முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதி.
மாதவராஜின் முகம் முழுக்க மதிப்பெண்.
ஹுவெய் சின் கல்போல இருந்தாள்.

நான்காவது
குலா மலாக்கா,
கருகத் தொடங்கிய நொடியில் அடுப்பை அணைத்தது.
பின்னாலேயே உப்பில் ஊறிய ஜாதிக்காய்.
விழுங்கிய பிறகும் நாக்கின் ஓரத்தில் நின்றது,
விடைபெற்ற பிறகும் வாசலில்
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் விருந்தாளிபோல.
எட்டு.

ஐந்தாவது நினைவில்லை.
ஐந்து என்று போட்டிருக்கிறேன்,
காலுறையைப் பார்த்தே போட்டேனோ என்னவோ.

பிறகு ஒவ்வொன்றாக உரித்தான்.
இரண்டுக்கும் நான்குக்கும் ஒரே மஞ்சள் சீட்டு,
ஒரே சாய்ந்த எழுத்து.
ஒரே கடையில் வாங்கிய ஒரே சரக்கு.

மாதவராஜ் சத்தமாகச் சிரித்தான்,
தன் தாளைப் பார்க்கும்வரை.
ஹுவெய் சின் மட்டும்
இரண்டுக்கும் ஆறரை போட்டிருந்தாள்.
கைதட்டினோம்.
கோவிட்டுக்குப் பிறகு எனக்கு வாசமே தெரியாது என்றாள்.
எவ்வளவு சுட்டதோ அவ்வளவு போட்டேன்.

என் தாளில் மூன்றும் எட்டும்
பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல்
ஒருவரையொருவர் தெரியாததுபோல் நின்றன.
இடையில் நடந்தது என்ன?
ஒரு பிஸ்கட், கொஞ்சம் சோளம்.
நான் கையெழுத்திட்ட மூட்டைகளில்
எவை இரண்டாவதாக வந்தவை,
எவை நான்காவதாக?

வேண்டுமானால் திருத்திக்கொள் என்று
பேனாவை நீட்டினான் பாக்கியநாதன்.
வாங்கவில்லை.
உள்ளறையிலிருந்து பையனின் குரல்:
பா, நாளைக்கு ஸ்கூல், என் காலுறை எங்கே?

விசிறி மறுபடி சுழன்றது.
இன்னொன்று ஊற்றவா என்றான்.
கோப்பையை நகர்த்தி வைத்தேன்.
எது, இரண்டா நான்கா?

நான்கு, என்றேன்.