குழாயின் தாகம்

பதினோரு நாளைக்கொருமுறை
நல்ல தண்ணி வரும் எங்கள் வீதிக்கு.
மற்ற பத்து நாளும்
குழாய் வெறும் வயிறோடு
சாக்கடைக்குள் படுத்திருக்கும்.
தாகம் மனுசருக்கு மட்டுமா?
கிடைத்ததை அதுவும் உறிஞ்சும்,
நகக்கண் அளவு விரிசல் வழியே.

முதலில் நின்றது பொங்கியண்ணன் தறி.
மறுநாள் எதிர்வீட்டில் இரண்டு.
சத்தத்தில் பிழைக்கும் சென்னிமலையில்
அமைதியைத்தான் முதலில் கேட்டோம்;
அப்புறம்
கக்கூஸ் கதவு அடிக்கடி அறைபடும் ஓசை.

பெருந்துறை ஆஸ்பத்திரியில்
ஒரே கட்டிலில் அங்காத்தாளும் மகளும்.
சொட்டுச் சொட்டாய் குளுக்கோஸ்.
"அதுவும் தண்ணிதானுங்க" என்றேன்.
"கொதிக்க வெச்சதுங்களா?"
சிரிக்கத் தெம்பில்லை அவளுக்கு.

தண்ணி திறந்துவிடுகிறவன் நான்.
தொட்டி கழுவிய தேதி
ஐந்து, இருபது என்று
நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்.
ஏணியில் என் கால் பட்டு எத்தனை மாசம்
என்பது நோட்டில் இல்லை.

சுகாதார ஆய்வாளரம்மா
கண்ணாடிக் குப்பியில் ரெண்டு சொட்டு மருந்து விட்டு
வெயிலுக்கு நேரே பிடித்தார்.
மஞ்சள் வரணும்.
மூட்டை மூட்டையாய் மஞ்சள் ஏலம் போகிற சீமையில்
துளி மஞ்சள் வரவில்லை
என் தண்ணிக்கு.

ராத்திரியே தோண்டினோம்.
சாக்கடைக்கு நாலடி தள்ளிப் புதுக்குழாய்.
ப்ளீச்சிங் பவுடர் கண்ணைக் கரிக்க
தொட்டிக்குள் இறங்கினேன்.
ஏறி வந்து, சோப்புப் போட்டு
முழங்கை வரை கழுவினேன்,
யாரும் பார்க்காதபோதும்.

இப்போதெல்லாம் நோட்டில் தேதி போடுமுன்
குப்பியில் வெயில் பார்க்கிறேன்.
வெளிர் மஞ்சள்.
பொங்கியண்ணன் தறி ஓடுகிறது.
அங்காத்தாள் அடுப்பில்
இன்னமும் கொதிக்கிறது
நான் விட்ட தண்ணி.