எண்ணுகிறவள்

எண்ணினால் கண் போய்விடும் என்றார் கமாயிஸ்,
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தபடி.
பெய்யாவுக்கோ இது அலுவலக வேலை:
கைரவான் பெரிய பள்ளிவாசல், தொழுகைக்கூடம்,
தூண்கள் மொத்தம் எத்தனை?

முதல் வரிசையே குழப்பியது.
ஒன்றுபோல் ஒன்றில்லை.
ரோமாபுரிக்காரன் தன் சாமிக்குச் செதுக்கியது,
கடலோர இடிபாட்டிலிருந்து வண்டி ஏறி வந்தது,
உயரம் போதாமல்
காலடியில் கல் வைத்து எக்கி நிற்பது.
யார் தலையையோ யார் உடம்பிலோ
பொருத்தியிருக்கிறார்கள்.
குலம் கோத்திரம் கேட்காமல்
எல்லாத் தோளிலும் வந்து இறங்குகிறது வளைவு.

நாற்பத்தேழில் சாய்ந்து உறங்கினான்
ஒரு லாரி ஓட்டுநர்.
அவனைச் சுற்றிக்கொண்டு போனதில்
நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா?

அப்போது மழை.
முற்றத்துச் சரிவில் ஓடிய நீர்
நடுவே செதுக்கிய பளிங்குக் குழியில்
அழுக்கைப் படிப்படியாய் இறக்கிவிட்டு
நிலத்தடித் தொட்டிக்குள் விழும் ஓசை.
இலை அடைத்துவிடும் என்று ஓடினார் கமாயிஸ்.

பெய்யா கிணற்று விளிம்பைத் தொட்டாள்.
கயிறு அறுத்த தடங்கள், விரல் புதையும் ஆழம்.
எறும்பு ஊர்ந்தல்ல,
தாகம் ஊர்ந்து தேய்ந்த கல்.
இவற்றை எண்ண யாரும் தடை சொல்லவில்லை.
படிவத்தில் கட்டமும் இல்லை.
பதினொன்று, பன்னிரண்டு...

மூக்குக்கண்ணாடி முழுக்க மழை.
‘சொன்னேனே’ என்றார் கமாயிஸ்.