இரண்டாவது அர்த்தம்

காரைக்குடி, செக்காலை ரோடு,
செல்போன் கடை மாடி.
பலகையில் ‘மேக் அப்’ என்றெழுதி
இது பவுடர் பூசுறது இல்லை என்றார் சார்.
முதல் அர்த்தம்: இல்லாததைக் கட்டிச் சொல்வது.
இரண்டாவது: சண்டைக்குப் பின் சேர்வது.
தமிழில் என்ன சொல்வீர்கள்?
ராசியாவது, என்றது முன்பெஞ்சு.
பழம் விடுறது, என்றாள் உமையாள்,
பத்தொன்பது நாளாக என்னோடு பேசாதவள்,
சுவரைப் பார்த்துக்கொண்டே.

சிங்கப்பூர் பார்சலில்
மூன்று கிலோ சீப்புச்சீடை குறைந்ததற்கு
தராசு பழுதென்று சொல்லியிருந்தேன் நான்.

பழத்தை எப்படி விடுவது, எங்கே விடுவது,
இங்கிலீஷ்காரன் கேட்டால் திணறிப்போவோம்.

பெஞ்சுக்கடியில்
இரண்டு விரல் நீட்டினேன்.
தொட்டாள். மாவு வாசம்.

தராசு நன்றாகத்தான் இருக்கிறது.
முதல் அர்த்தத்தை
நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.