மூன்றாவது தலை

எங்கள் ஊருக்குக் கிறிஸ்துமஸ்
ஆடியிலேயே வந்துவிடும்.
சரக்கு கப்பல் ஏற வேண்டும்,
அதற்கும் முன்னால்
படம் போய்ச் சேர வேண்டும்.

காங்கேயம் ரோட்டுக் குடோன். மதியம் இரண்டரை.
தகரக் கூரைமேல் காற்று
மண்ணை வாரிப் போட்டுக்கொண்டே இருக்க,
செக்கிங்கில் இருக்கும் மினதியின் மகளுக்குக்
கழுத்துவரை ஃப்ளீஸ் துணியில் இரவு உடை,
நெஞ்சில் இரண்டு கலைமான்,
மூக்கு நுனியில் வேர்வை.
ஃபேன் போட்டால் துணி அசையும்.
"டேக்கப் பிச்சறாத கண்ணு" என்கிறாள்
மெர்ச்சண்டைசர் பூவிழி.

மெயிலில் இருந்தது ஒரே வரி:
பின்னணியில் பண்டிகை விளக்குகள், மங்கலாக.

மங்கலாக்க முதலில்
விளக்கு வேண்டுமே.
லைட் செட் மயிலானந்தத்துக்குப் போன் போட்டேன்.
"புதங்கெழமதானுங்க நோம்பி முடிஞ்சுது.
அம்மன் முழுசா டெம்போல ஏறாது.
நாகம் மட்டும் கொண்டாரட்டுங்ளா?"

வந்து இறங்கியது
மூங்கில் சட்டத்தில் ஐந்து தலை நாகம்.
கூடவே, மணிக்கட்டோடு,
உடுக்கை பிடித்த ஒரு கை.
சட்டத்தில் மஞ்சள் தண்ணீர் காய்ந்த தடம்,
செருகியபடியே ஒரு வேப்பிலைக் கொத்து.
அதை நான் எடுக்கவில்லை.
எப்படியும் தெரியப் போவதில்லை.

ஐம்பது எம்எம் லென்ஸ்.
துளையை முழுக்கத் திறந்தேன், ஒன்று புள்ளி எட்டு.
குழந்தை நாலடியில்
நாகம் முப்பதடியில்.
அவள் இமையில் குவியம் நிற்க நிற்கப்
பின்னால் ஒவ்வொரு பல்பும்
ஊறிய ஜவ்வரிசியாய் உப்பியது.
பச்சைக்குள் சிவப்பு, சிவப்புக்குள் கொஞ்சம் மஞ்சள்.
பல்லும் நாக்கும் எங்கே போயின?
நாகம் படமெடுத்தபடிதான் நின்றது.
நானும்.

பெரிதாக்கிப் பார்த்தால்
எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரே இடத்தில்
ஒரு கீறல்.
விளக்கில் இல்லை, லென்ஸில்.
போன தை, ஈரோட்டு மண்டபப் படிக்கட்டு,
பெண் அழைப்பு நேரம், கை வழுக்கிவிட்டது.
நூற்றுச் சொச்சம் விளக்கிலும்
அந்த ஒரு நிமிடம்
வரிசையாக எரிந்துகொண்டிருந்தது.
உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.
கூலி பேசும்போது இதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

"இங்க பாரு பாப்பா, இங்க."
பாதிப் படங்களில் அவள் பின்னந்தலைதான்.
பூவிழி சாக்லேட் காட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள்,
கோழி மாதிரி கூடக் கத்திப் பார்த்தாள்.
ஒரு நொடி திரும்புவாள்.
மறுபடியும் நாகம்.

அந்த ஒரு நொடியில் ஒன்று அமைந்தது.
சாயங்காலம் பதில் வந்தது:
அருமையான டிசம்பர்.

சட்டத்தைத் திருப்பி எடுக்க வந்த மயிலானந்தம்
கேமராவின் முதுகைச் சித்தெ நேரம் பார்த்தான்.
ஏன் இப்படி மங்கல் என்று கேட்கவில்லை.
நகத்தை வைத்துக் காட்டினான்:
"இது உடுக்கைங்க. இது வால்.
இது மூணாந்தல... அட,
இங்க ஒண்ணு எரியலயே?"
வட்டங்களின் நெரிசலில்
ஒரு வட்டத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.
"ஒம்போது நாள் நோம்பிங்க.
வீதியே நின்னு பாத்துச்சு.
ஒருத்தன் சொல்லுல."

தன் பழைய கவுனுக்கு மாறியிருந்த குழந்தை
சட்டத்தின் அருகில் குந்தியிருந்தாள்.
தலைகளை அவள் பாஷையில் எண்ணினாள்.
ஏக, துய், தினி.
தினியில் விரல் நின்றது,
செத்த பல்பின்மேல்,
சரியாக.

மயிலானந்தம் பல்லால் வயரைச் சீவினான்.
அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டாள்.
நான் லென்ஸுக்கு மூடி போட்டிருந்தேன்.