பதினொரு மீட்டர் நாற்பது

இந்த நாட்டில்
எதைக் கட்டுவதென்றாலும் முதலில்
அதன் காற்றைக் கட்டிக் காட்டவேண்டும்.
மூலைக்கு ஒரு அலுமினியக் கம்பம்,
உச்சியில் கூரையின் சரிவைச் சொல்ல
ஒரு சின்னப் பட்டை.
முப்பது நாள் ஊர் அண்ணாந்து பார்க்கும்.

அதுதான் என் வேலை.
கார்க் கொட்டில், கோழிக்கூடு,
பல்வைத்தியரின் மூன்றாம் மாடி,
எல்லாம் வருமுன்பே நட்டிருக்கிறேன்.

ஏப்ரலில் வந்த வேலைத்துண்டு:
சோஃபிங்கன், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்,
பழைய பெயின்ட் கிட்டங்கி இருந்த காணி.
கம்பம் ஒன்பது.
நடுக்கம்பம் பதினொரு மீட்டர் நாற்பது.
யாருக்கென்று வாசிக்கத் தேவையில்லை.
அந்தக் காணிக்கு நானும்
இரண்டாயிரம் பிராங்க் எழுதியவன்.

ஈரமண். கம்பி இழுத்துக் கட்டி
கலசம் வரவேண்டிய இடத்தில்
சிவப்பு நாடா சுற்றி நிமிர்த்திவிட்டுத் திரும்பினால்
வேலிக்கு அப்பால் ஃபிராவ் ஹுன்சிக்கர்,
கையில் கோப்பி. எனக்குத்தான்.

"நீ அவர்களுடைய ஆளா?"
"கம்பனி ஆள்."
பொய் இல்லை.
கோப்பியில் சீனி கூட.

மேளம் எத்தனை மணிக்கு அடிப்பார்கள்,
வெள்ளிக்கிழமை அத்தனை காரும் எங்கே நிற்கும்,
செருப்பை வெளியே விட்டால்
மழைக்கு என்ன செய்வார்கள் பாவம்,
கேட்டுக்கொண்டே வந்தவர்
குரலைத் தணித்தார்:
"நிழல் என் கீரைப் பாத்தியில் விழுமா?"

என்னிடம் அளவு நாடா இருந்தது.
ஐந்தரைக்கு வெயில் சாய
நடுக்கம்பத்தின் நிழல்
தெருவைத் தாண்டி, வேலியைத் தாண்டி
முளைகளின் மேல் விரல் தடிப்பில் கிடந்தது.
மண்டியிட்டேன்.
முழங்காலில் ஈரம் ஏற
ஒன்று எண்பது என்று படித்துச் சொன்னேன்.
அந்தக் கோவிலில் நான் தரையில் விழுந்தது
அந்த ஒருதரம்.

ஆட்சேபத்தில் அந்த எண் இருந்தது,
இரண்டாம் பக்கம்.
அடியில் நூற்றுப் பதினேழு கையெழுத்து.
சபைக் கூட்டத்தில் தவநேசன் அண்ணர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொருதரம் வாசித்தார்.
"வடிவாய்த்தான் அளந்திருக்கினம்."
நான் பிளாஸ்டிக் கதிரையின் காலைப் பார்த்தபடி
இருந்தேன்.
பத்து மணிக்கு ஒருவர் சொன்னார்,
கோபுரம் பிறகு பாப்பம்,
இப்ப கூரை போட்டால் காணும்.
யாரும் மறுக்கவில்லை.
ஒருவர் மட்டும் எழுந்துபோய்
வெளியே நின்று
நெடுநேரம் காரைத் திறக்காமல் இருந்தார்.

புதுத் துண்டு:
ஆறு மீட்டர் தொண்ணூறு.
பில் கோவில் பேருக்கு.

ஜூன், நல்ல வெயில்.
மேல் துண்டுகளைக் கழற்றி இறக்கும்போது
ஃபிராவ் ஹுன்சிக்கர் வேலியோடு வந்து
ஒரு பை கீரை தந்தார்.
"உனக்கும் இரட்டை வேலை."
ஓம் என்றேன்.
இலை நல்ல தடிப்பு.

நாலரை மீட்டர்
வானுக்குள் அடங்கவில்லை,
பின்கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.
நீட்டிக்கொண்டு போனால்
நுனியில் சிவப்பாய் ஏதாவது கட்டவேண்டும்,
சட்டம்.
தேடி இறங்கினேன்.
ஏற்கெனவே கட்டியிருந்தது.