செருப்புக்கடி

சான் சால்வடாருக்குத் தெற்கே
உப்புக்காற்று பூட்டைத் தின்னும் தூரத்தில்
நான்காம் ஹேங்கர்.
இரவு ஒன்றேகால்.
வயிறு திறந்து நிற்கிறது ஒரு விமானம்.
கழற்றிய இருக்கைகள் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன,
கல்யாணம் முடிந்த மண்டபம் போல.

நொயெமி அர்கெத்தா
இருநூற்றுப் பன்னிரண்டாம் கார்டை
மறுபடி படிக்கிறாள்.
எல்லாம் ஆங்கிலம்.
ஒயர்க் கட்டில் 'சேஃபிங்' இருக்கிறதா பார்.
இருந்தால் எழுது.
இல்லையென்றால் முத்திரை குத்து.

சேஃபிங் என்றால்?
கைபேசி அகராதி யோசித்துச் சொன்னது: ரொசாதூரா.
புதுக் காலணி குதிகாலில் போடும் புண்.
என் பாஷையில் அதற்கு இன்னும் நல்ல சொல் உண்டு,
செருப்புக்கடி.
அவளுக்கு விளக்கத் தேவையில்லை.
கம்பெனி கொடுத்த ஷூ ஒரு அளவு பெரிது,
விலை மூன்று தவணையில் சம்பளப் பிடித்தம்,
இடது காலுறை காலையிலிருந்தே
ஈரம்.

சமையல் அறைக்குப் பின்னால்
தலையும் ஒரு தோளும் மட்டும் நுழையும் இடத்தில்
டார்ச்சைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.
கிளாம்ப் ஒன்று
ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாய்
ஒயரின் தோலை உரித்திருந்தது.
உள்ளே செம்பு.
சின்னதாய், சிவப்பாய்,
அவள் குதிகால் நிறத்தில்.

முப்பத்திரண்டு பேருக்கு ஒரே உரிமம்,
அது வில்ஃப்ரேதோவின் பர்ஸில்.
அவர் ஒஹாயோவுக்குப் போன் போட்டார்.
விமானம் எங்களுடையது, ஆனால்
வேலை உங்களுடையது என்றது ஒஹாயோ.
மாடியிலிருந்த மேலாளர் சொன்னார்:
வேலை நம்முடையது, ஆனால்
கார்டு அவர்களுடையது;
கார்டில் கிளாம்ப் மாற்று என்று இருக்கிறதா?
இல்லை.
ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்ப வேண்டும், பார்த்துக்கொள்.

பொறு என்றால் தாங்கு.
பொறு என்றால் கொஞ்சம் நில், அவசரப்படாதே.
இரண்டும் சேர்ந்துதான் பொறுப்பு என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பதினான்கு பக்க ஒப்பந்தத்தில்
அது வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

ஷிப்ட் மூன்றுக்கு முடிந்தது.
நொயெமி அட்டையைத் தேய்த்து வெளியேறியதாய்ப் பதிந்துவிட்டு
திரும்பி வந்தாள்.
வில்ஃப்ரேதோ விளக்குப் பிடித்தார், பேசவில்லை.
புதுக் கிளாம்ப், புது உறை, விரலிடைத் தூரம் தள்ளி.
சம்பளக் கணக்கில் இல்லாத எழுபது நிமிடம்.
பிறகு கார்டின் குறிப்புக் கட்டத்தில்,
தெரிந்த ஆங்கிலத்தில்,
அழுத்தி எழுதினாள்:
ஷூ ஒயரைக் கடிக்கிறது.
எல்லா விமானத்திலும் பாருங்கள்.

அந்தக் கார்டைத் தட்டச்சு செய்தது
வேறொரு நாட்டில் வேறொரு கம்பெனி.
ஒரு கார்டுக்கு நாற்பது விநாடி.
ஷூ என்பதற்கு அவர்கள் பட்டியலில்
ஒரே ஒரு எண்தான் இருந்தது:
'பணியிடத்தில் கிடந்த அந்நியப் பொருள், காலணி.'
அது ஒஹாயோவுக்குப் போய்
ஒரு கூட்டத்தில் காட்டப்பட்டு
ஒரு வருத்தமும் ஒரு அம்புக்குறியும் பெற்று
பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது
சுவரொட்டியாக.

இப்போது நான்காம் ஹேங்கர் வாசலில் ஒட்டியிருக்கிறது:
சிரிக்கும் விமானம், பக்கத்தில் குறுக்குக்கோடு போட்ட ஷூ.
உங்கள் காலணிக்கு நீங்களே பொறுப்பு.
இம்முறை ஸ்பானிய மொழியில்,
பிழையில்லாமல்.

வில்ஃப்ரேதோ சிரித்தார், சிரிப்பு இருமலானது.
நொயெமி சிரிக்கவில்லை.
காலுறையைக் கழற்றி
புண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே
வாய்க்குள் எண்ணினாள்.
அதே ரகத்தில் அவர்களிடம் நாற்பத்திரண்டு.
ஒன்று போக.

வெளியே மழை விட்டிருந்தது.
ஓடுபாதை முனையில் ஒன்று
மூக்கைத் தூக்கியது.
வால் எண்ணைப் படிக்க முயன்றாள்.
அதற்குள் மேகம்.