ஐந்தின் மேல் ஒரு பரு

பழைய மெஷினில் ஐந்தின் மேல் ஒரு பரு இருந்தது.
கடுகில் பாதி.
அதில் விரலை வைத்தால் போதும்,
மேலே இரண்டு, கீழே எட்டு,
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஆறு
தானாக வந்து நின்றுகொள்ளும்.
வேலந்தாவளம் பால் சங்கத்தில் பதினோரு வருஷம்
லாரன்ஸ் அளந்து கூவ
அந்தப் பருவை நம்பிக் கணக்கு அடித்தேன்.
கேன் மூடி கழலும் சத்தத்திலேயே தெரியும்
வந்தது நாச்சிமுத்துவா ராக்கம்மாவா என்று.

தை மாதம் கண்ணாடி வந்தது.
லாரன்ஸை வேறு சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.
கொழுப்பை அதுவே பார்க்கும்,
அதுவே மலையாளத்தில் எழுதிக் காட்டும்.
"தொட்டாப் போதும் ஜெசிந்தா, அமுக்கவே வேண்டாம்"
என்றார் செயலாளர் சிவதாசன், சந்தோஷமாக.

தொட்டேன்.
குளிர்ந்த தட்டு. எல்லா இடமும் ஒரே இடம்.
தடவிப் பார்க்கலாம் என்றால்
தடவுவதே உத்தரவு ஆகிவிடுகிறது.
ஐந்தைத் தேடிப் போன விரல்
போகிற வழியிலேயே
நாச்சிமுத்துவின் ஆறு லிட்டரை
அறுபத்தாறு ஆக்கியது.
"இருக்கட்டும் விடு" என்று அவர் சிரித்தார்.
சிவதாசன் சிரிக்கவில்லை.

அப்புறம் மூன்று நாள்
பால் ஊற்ற வந்த பையன் யாராவது எனக்காகத் தொட்டான்.
நான் சொல்ல, அவன் தொட,
சம்பளம் மட்டும் எனக்கு.

நாலாம் நாள் நெயில் பாலிஷ் வாங்கப் போனேன்.
"என்ன கலர்க்கா?"
சீக்கிரம் காய்கிற கலர்.
கண்ணாடியைச் சுற்றின சட்டத்தில்
மேலே மூன்று சொட்டு, பக்கத்தில் நாலு.
மேலிருந்து ஒரு கை, பக்கத்திலிருந்து ஒரு கை,
காற்றிலேயே கோடு இழுத்து வந்து
சந்திக்கிற இடத்தில் எண்.
பதினேழு நாள் ஒரு பிசகு இல்லை.

பதினெட்டாம் நாள் அப்டேட்.
ராத்திரியோடு ராத்திரியாக
வீட்டை நாலடி நகர்த்திவிட்டு
வாசல்படியை மட்டும் பழைய இடத்தில் விட்டதுபோல.
சொட்டுகள் இருந்தன. எண்கள் இல்லை.

சித்தூரிலிருந்து ஷிஜின் வந்தான்.
எதையோ நோண்டினான். நிறுத்தினான்.
"சேச்சி, இது பேசுமே. யார் ஆஃப் பண்ணினது?"
கணவாய்க் காற்று தகரக் கூரையைத் தூக்கிப் போட்டது.
"காலங்காத்தால கத்திக்கிட்டே இருந்தது" என்றார் சிவதாசன்,
"நான்தான்."

இரண்டு மாசம்
வாயைக் கட்டி வைத்திருந்த ஒன்றோடு
நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இப்போது விரலை இழுத்தால் இழுக்கிற இடத்தையெல்லாம் சொல்கிறது.
இரண்டு தட்டு தட்டினால்தான் செய்கிறது.
தடவுவது மறுபடி வெறும் தடவுவது.
கீழ்வரிசையில் மட்டும்
பட்டன், என்கிறது.
பட்டன்.
பட்டன்.
படம் போட்டவர்கள் பெயர் போட மறந்துவிட்டார்களாம்.
ஒன்றுக்கு ரசீது என்று நானே பெயர் வைத்தேன்,
ஒன்றுக்கு நாளைக்கு என்று.
மூன்றாவது எதற்கென்று ஷிஜினுக்கும் தெரியவில்லை.
சிவதாசனைக் கேட்டோம்,
ஏதோ வளையம் மாதிரி, என்றார்.
பார்க்கிறவர்களுக்கும் அது பட்டன்தான்.

மறுநாள் ராக்கம்மா ஊற்றினாள்.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று, என்றது மெஷின்,
மலையாளத்தில், ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி.
எங்கள் ஊருக்கு அந்த எழுத்துதான் ஆகாது,
பேச்சு ஆகும்.
தை முதல் சீட்டில் இருந்த நாலு எண்ணில்
எது கொழுப்பு, எது விலை என்று
வரிசையில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.
ராக்கம்மா கேனை மூடவில்லை.
"நாலு ஒண்ணா? அப்போ நேத்து வரைக்கும்
எனக்கு என்ன போட்டீங்க?"

வரிசையில் பேச்சு நின்றது.
சிவதாசனின் செருப்பு மெஷின் பக்கம் நகர்ந்தது.
நான் கையைச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டேன்,
இனி எதற்கும் உதவாத சொட்டுகளின் மேல்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் சிவதாசன்.

"இருக்கட்டும் விடு" என்றார் நாச்சிமுத்து.